கூகுள் மேப்பில் நம் கடை ரிவ்யூ நம்பும்படி இருக்க

பாம்பனில் மீன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். ராமேசுவரம் போகிற குடும்பங்கள் பலவும் போனில் ரிவ்யூ பார்த்துவிட்டுத்தான் எங்கே வண்டியை நிறுத்துவது என்று முடிவு செய்கின்றன. ஊர் பேர் தெரியாதவர் எழுதினதை நம்பிப் பிள்ளைகளோடு வந்து இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது கடைக்காரர் பொறுப்பு என்று நினைக்கிறேன். அக்கம்பக்கத்து லாட்ஜ்காரர்களும் கருவாட்டுக் கடைக்காரர்களும் கேட்டால் நான் சொல்வது இதுதான்.

காசு கொடுத்து ரிவ்யூ வாங்காதீர்கள். 'ஐந்து ஸ்டார் போட்டுத் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் கேட்டு வருவார்கள். வாங்கினால் ஒரே ராத்திரியில் 'குட் ஃபுட்', 'நைஸ் பிளேஸ்' என்று வரிசையாக விழும். எழுதினவர் பெயரைத் தொட்டால் அவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பெரும்பாலும் தெரியும். ஜெய்ப்பூரில் பல் ஆஸ்பத்திரி, லூதியானாவில் ஜிம், பாம்பனில் மீன் சாப்பாடு, எல்லாம் ஒரே வாரத்தில் இருந்தால் பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். கருவாடு, கருப்பட்டியைப் பெரிய ஷாப்பிங் தளங்கள் வழியாக விற்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விற்கிறவரே வாடிக்கையாளர் மாதிரி ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்: 'ரிவ்யூ போட்டால் பணம்' என்று வரும் மெசேஜ் பல நேரம் மோசடிக்குத் தூண்டில். முதலில் சின்னத் தொகை தருவார்கள், அப்புறம் முன்பணம் கட்டச் சொல்வார்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

சரி, நேர்மையாக ரிவ்யூ எப்படிக் கேட்பது? எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். கல்லாப் பக்கத்தில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறேன். கை கழுவிவிட்டு வருகிறவர்களிடம், "எப்படி இருந்துச்சோ அப்படியே எழுதுங்க" என்பேன், முகம் சுளித்தவரிடமும். திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும், ரிவ்யூவுக்குப் பதிலாகத் தள்ளுபடி தருவதும் கூகுள் விதிப்படியே தப்பு. எழுதுகிறவர் தோளுக்குப் பின்னால் நிற்காதீர்கள். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் உண்மை எழுத வராது.

நம்ம கரையில் தேதி ரொம்ப முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது நாட்டுப்படகு கொண்டு வருகிற மீன்தான், விலையும் ஏறும். மே மாதம் வந்தவர் 'சீலா மீன் இல்லை, விலை அதிகம்' என்று எழுதினால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அக்டோபரில் படிக்கிறவருக்கு அது தெரியாது. 'அது தடைக்காலம்' என்று நீங்கள் ஒரு வரி பதில் போட்டால் இரண்டு பேருக்கும் நியாயம். லாட்ஜ்காரர்களுக்கும் இதே கதைதான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது, 2025 ஏப்ரலில்தான் புதுப் பாலம் திறந்தார்கள். 'மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம்' என்று அந்த நாட்களில் எழுதினதைப் படித்து இன்றைக்கும் ஆட்கள் குழம்பலாம். ரிவ்யூ படிக்கிறவர்கள் புதியதிலிருந்து பாருங்கள்.

கெட்ட ரிவ்யூ வந்தால் என்ன செய்வது? எங்கள் கடைக்கு ஒரு அம்மா எழுதியிருந்தார்: 'ஞாயிறு மதியம் இரண்டரைக்குப் போனோம். வறுவல் மீன் தீர்ந்துவிட்டது. குழம்பில் உப்பு கூடுதல். தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசு என்று முன்னாடியே சொல்லவில்லை. ரசம் அருமை.' மூன்று ஸ்டார். என் கணக்கில் ஐந்து ஸ்டாரை விட இது பெரிசு. எந்த நேரம், என்ன சாப்பிட்டார், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எல்லாம் இருக்கிறது. அன்றைக்கே பாட்டில் விலையைப் பலகையில் எழுதிப் போட்டேன். 'இரண்டு மணிக்கு மேல் வறுவல் கிடைப்பது கஷ்டம்' என்பதையும் சேர்த்தேன். பதிலில் அதை மட்டும் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன், ரிவ்யூவை எடுத்துவிடுங்கள் என்று பேரம் பேசக் கூடாது. நியாயமாகத் தர வேண்டிய பணம் என்றால் கொடுத்துவிடுங்கள், ரிவ்யூ பற்றி மூச்சு விடாதீர்கள்.

புகார் பொத்தானைப் பொய்க்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கே வராதவர், போட்டிக் கடைக்காரர், சாதி மதம் சொல்லித் திட்டுகிறவர் என்றால் கூகுளுக்குப் புகார் கொடுக்கலாம். பிடிக்கவில்லை என்று எழுதினவர் மேல் கொடுக்காதீர்கள். பொய்யான ரிவ்யூவைக் கூகுள் எடுக்க மறுத்தால், 'அந்தத் தேதியில் கடை திறக்கவில்லை' என்பது போன்ற உண்மையை அதன் கீழே ஒரு வரியில், கோபமில்லாமல் எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போங்கள்.