பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கருப்பைவாயிலிருந்து செல்களைத் துடைத்தெடுத்துப் பரிசோதிப்பதுதான் பாப் ஸ்மியர். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ மார்த்தாண்டம் பக்கம் ஒரு லேபிலோ அதை எடுத்துவிட்டு, ரிப்போர்ட் புரியாமல் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் நம் ஊரில் நிறைய. எங்கள் மாமி தாளை நீட்டி, "மக்களே, இதுல கேன்சருன்னு எங்கயாவது போட்டிருக்கா பாரு" என்றார். இல்லை. எல்எஸ்ஐஎல் என்றிருந்தது.

அந்த எழுத்துகள் புரிய வேண்டுமென்றால் முதலில் கருப்பைவாயைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் ஓரம் ஒன்று உண்டு, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் எச்பிவி என்ற வைரஸ் பெரும்பாலும் பிடிப்பது அங்கேதான். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாக அடிவரிசைச் செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் செல்கள் பெருகி, மேலே ஏறி, தட்டையாகி உதிர்வதுதான் வழக்கம். வைரஸும் கூடவே ஏறி மேலே வந்ததும் பெருகுகிறது. அப்போது எடுத்த ஸ்மியரை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், செல்லின் கரு வீங்கி, உலர்திராட்சை போலச் சுருங்கிய ஓரத்தோடு, சுற்றிலும் வெளுத்த வளையத்தோடு தெரியும். ரிப்போர்ட்டில் கொய்லோசைட் என்று எழுதுவது இதைத்தான்.

சரி, இனி தாளைப் பாருங்கள். என்ஐஎல்எம் என்றால் கோளாறு எதுவும் தென்படவில்லை. கூடவே இன்ஃப்ளமேட்டரி என்றிருந்தால் அழற்சி, அது புற்றுநோய் இல்லை. ஆஸ்கஸ் (ASC-US) என்றால் மாற்றம் இருக்கிறது, ஆனால் என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எச்பிவி டெஸ்ட் செய்யச் சொல்வார்கள், அல்லது ஒரு வருடம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். எல்எஸ்ஐஎல் என்றால் லேசான மாற்றம், வைரஸ் வந்துபோகும் நிலை, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், ஆனால் டாக்டர் சொன்ன தேதியைத் தவறவிடக் கூடாது. எச்எஸ்ஐஎல் என்றால் தீவிரமான மாற்றம், தள்ளிப்போடாதீர்கள், கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி பார்த்தே ஆக வேண்டும்.

அங்கே சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினால் சிஐஎன் 1, 2, 3 என்று வரும், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தின் படிகள் இவை. முதிராத செல்கள் அடியில் மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறியிருந்தால் 2, அதையும் தாண்டினால் 3. ஏன் ஏறுகின்றன? எச்பிவியில் 16, 18 போன்ற ஆபத்தான வகைகளின் இ6, இ7 புரதங்கள், செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி53, ஆர்பி என்ற இரண்டையும் செயலிழக்க வைக்கின்றன. இப்படி மாறிய செல்கள் புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும், எச்ஐவி போல எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே ஆகலாம். அதற்குள் கண்டுபிடித்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடலாம், கர்ப்பப்பையையே எடுக்கவேண்டி வருவது அபூர்வம்.

இன்னொன்று. எச்பிவி பாசிட்டிவ் என்றதும் வீட்டில் புருஷனைச் சந்தேகப்பட்டோ பெண்டாட்டியைத் திட்டியோ சண்டை போடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து, ஓரிரு வருடத்தில் உடம்பே விரட்டிவிடும் வைரஸ் இது. பல வருடம் அடங்கிக் கிடந்துவிட்டும் தலைகாட்டும், எப்போது வந்ததென்று எந்த டெஸ்டும் சொல்லாது.

ரிப்போர்ட் நல்லதாக இருந்தாலும், தாம்பத்தியத்துக்குப் பிறகோ மாதவிலக்கு நின்ற பிறகோ ரத்தம் பட்டால் உடனே போங்கள். ஸ்மியருக்கும் சில நேரம் தப்பிவிடும். திருவனந்தபுரத்தில் ஆர்சிசி என்ற புற்றுநோய் மையத்துக்குப் போவதாக இருந்தால் தாளை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பயாப்ஸி ஸ்லைடையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே திரும்பப் பார்க்கக் கேட்பார்கள்.