மேய்ச்சல் நிலம் எடுக்கும் முன்: குத்தகையா, லைசென்ஸா?

இங்கிலாந்துக்கு வந்து வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு வழிக்கு வந்ததும், தோட்டம் துரவோடு வளர்ந்தவர்களுக்கு மண் ஆசை வந்துவிடும். நாலு கோழி, இரண்டு ஆடு, கொஞ்சம் காய்கறி. இல்லையென்றால் சனிக்கிழமை தோறும் குதிரையேற்றம் பழகும் மகள் சொந்தமாக ஒரு போனி கேட்பாள். விசாரித்தால் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பண்ணைக்காரர் மூன்று ஏக்கர் தரத் தயார் என்பார், இரண்டு பக்கத் தாளை நீட்டுவார். அதன் தலைப்பில் 'கிரேசிங் லைசென்ஸ்' என்று இருக்கும். கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்காட்லாந்தின் நிலச் சட்டம் வேறு.

லைசென்ஸ் என்றால் என்னவென்று புரிய நம் ஊர்க் கிடையை நினைத்துக்கொண்டால் போதும். அறுவடை முடிந்த வயலில் கீதாரி ஆடுகளை மடக்கி நாலு ராத்திரி தங்குவார். ஆட்டுக்கு இடம், வயலுக்கு எரு. ஆனால் வயல் யார் கையில் இருக்கிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமே வராது. லைசென்ஸும் அப்படித்தான். உங்கள் குதிரை மேயலாம், நீங்கள் வந்து போகலாம், நிலம் மட்டும் உரிமையாளர் கையிலேயே இருக்கும். அவர் உரம் போடுவார், வேலி பார்ப்பார், வேண்டுமானால் தன் ஆடுகளையும் அதே புல்லில் விடுவார். குத்தகை அப்படியல்ல. காலம் முடியும் வரை நிலம் உங்கள் கையில். ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்ட காரணம் இல்லாமல் உரிமையாளரே கேட்டைத் திறந்து உள்ளே வர முடியாது.

அதனால் தலைப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1985-ல் ஸ்ட்ரீட் - மவுண்ட்ஃபோர்ட் வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத்தான் சொன்னது. போர்ன்மத்தில் வாரம் 37 பவுண்டுக்கு அறைகள் எடுத்திருந்த ஒரு பெண், 'இது லைசென்ஸ்தான்' என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்திருந்தார். ஆனாலும் இடம் முழுக்க அவர் கையில் இருந்தது, காலமும் வாடகையும் பேசியிருந்தார்கள், எனவே அது குத்தகைதான் என்று தீர்ப்பானது. ஐந்து பல் வைத்துச் செய்த தோண்டுகருவியை மண்வெட்டி என்று அழைத்தாலும் அது முள்கரண்டிதான் என்றார் நீதிபதி டெம்பிள்மேன். நிலத்துக்கும் இதே விதிதான். கேட் பூட்டின் சாவி உங்களிடம் மட்டுமே இருந்து, வேறு யாரும் அந்தப் புல்லைத் தொடாமல் இருந்தால், தாளில் லைசென்ஸ் என்று இருந்தாலும் அது குத்தகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு ஏன் எல்லோரும் லைசென்ஸ் என்றே எழுதுகிறார்கள்? தமிழ்நாட்டில் 1955-ன் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, குத்தகைக்கு விட்டால் நிலம் திரும்பாது என்று பயந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே பயம்தான். 1976-ல் வந்த சட்டம் பண்ணைக் குத்தகையை இரண்டு முறை வாரிசுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. மூன்று தலைமுறைக்கு நிலம் கையை விட்டுப் போகும் என்றால் யார் கொடுப்பார்கள்? பருவத்துக்கு மட்டும் புல் விற்பதாக எழுதிக்கொள்ளும் வழக்கம் பெருகியது. 1984 ஜூலைக்குப் பின் போட்ட புதிய குத்தகைகளுக்கு வாரிசுரிமை பொதுவாக இல்லை. 1995 செப்டம்பர் 1 முதல் 'ஃபார்ம் பிசினஸ் டெனன்சி' என்ற எளிய குத்தகை வந்தது. பழைய பயம் மட்டும் இன்னும் பல பண்ணைகளில் இருக்கிறது. வரிக் காரணமும் உண்டு: லைசென்ஸில் விட்டால், தானே விவசாயம் செய்வதாகக் கணக்குக் காட்டுவது உரிமையாளருக்குச் சுலபம். அவர் தயங்குவதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. காரணம் தெரிந்தால் பேசலாம்.

குத்தகை என்று முடிவானாலும் எந்தக் குத்தகை என்பது அடுத்த கேள்வி. ஆடு மாடு வளர்த்து விற்பது, பயிர் செய்வது போன்ற விவசாயத் தொழிலுக்கு ஃபார்ம் பிசினஸ் டெனன்சி. இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட காலத்துக்குப் போட்டால் தேதி வந்ததும் அது தானாக முடியாது. எழுத்தில் குறைந்தது 12 மாத நோட்டீஸ் வேண்டும். உங்களுக்கு அது நல்ல பாதுகாப்பு.

குதிரை இந்தக் கணக்கில் வராது, நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். விவசாயச் சட்டம் கால்நடை என்று சொல்வது உணவுக்கோ, கம்பளிக்கோ, தோலுக்கோ, நிலத்தில் வேலை செய்யவோ வளர்ப்பவற்றைத்தான். ஆசைக்கு வளர்க்கும் போனி அதில் இல்லை. மற்றவர்களின் குதிரைகளைக் காசுக்குப் பராமரிக்கும் லிவரி நடத்தினால் அது வியாபாரம், 1954-ன் வணிகக் குத்தகைச் சட்டத்தின் கீழ் போகும். காலம் முடிந்தாலும் புதுப்பிக்கக் கேட்கும் உரிமை அதில் உண்டு. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி முன்கூட்டியே எச்சரிக்கை நோட்டீஸும் உறுதிமொழித் தாளும் வந்தால், வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சொந்தக் குதிரை மட்டும் என்றால் இந்த இரண்டு சட்டமும் உங்களைக் காப்பாற்றாது. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் பெரும்பாலும் உங்கள் பாதுகாப்பு. இன்னொன்று: மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. வேலை விசாக்காரர்களும் லிவரி தொடங்கும் முன் விசா நிபந்தனையைப் பார்த்துவிடுங்கள்.

கவுன்சில் அனுமதி தனி விஷயம். குதிரை வெறுமனே புல் மேய்ந்தால் அது விவசாயப் பயன்பாடு. வைக்கோல் கொண்டுவந்து போட்டு, கம்பளி போர்த்தி, தாண்டப் பழக்கித் தடைக்கட்டைகள் வைத்து அங்கேயே வளர்த்தால் நிலத்தின் பயன்பாடு மாறிவிட்டது என்பார்கள், அதற்கு அனுமதி தேவை. லாயம் கட்டுவதற்கும் பொதுவாகத் தேவைப்படும். அந்த அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா, இல்லையென்றால் யார் விண்ணப்பிப்பது, யார் செலவு என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள்.

கென்ட்டில் என் நண்பர் ஒருவர் குடும்பம் லைசென்ஸில் மூன்று ஏக்கர் எடுத்தது. நல்ல மனிதர் அந்த உரிமையாளர். வாய்வார்த்தையை நம்பி இவர்கள் மரவேலி போட்டார்கள், தண்ணீர்க் குழாய் இழுத்தார்கள். பெரியவர் இறந்தார், பிள்ளைகள் நிலத்தை விற்றார்கள், 28 நாளில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. லைசென்ஸ் ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலான அனுமதி. நிலத்தை வாங்கியவரை அது பொதுவாகக் கட்டாது. நவம்பர் மழையில் கடப்பாறையோடு நானும் போனேன். குறுக்குக் கட்டைகளைக் கழற்றிவிட்டோம். கான்கிரீட் ஊற்றி நட்ட கம்பங்கள் அசையவில்லை. ஒரு மணி நேரம் முயன்றுவிட்டு அப்படியே விட்டு வந்தோம். அந்தப் பெண் குழந்தை போனியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தது எனக்கு மறக்காது.

இதையே ஆடு மாட்டுக்காக எடுத்த பண்ணைக் குத்தகையில் செய்திருந்தால், உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தோடு செய்த மேம்பாட்டுக்கு வெளியேறும்போது நஷ்டஈடு கேட்கலாம். எனவே என் ஆலோசனை இது. முதல் வருடம் லைசென்ஸ் போதும், நிலத்தில் ஒரு பவுண்டு கூட முடக்காதீர்கள். மின்சார டேப் வேலி போல உருட்டி எடுத்துப் போகக்கூடியதை மட்டும் வாங்குங்கள். ஒரு குளிர்காலம் தாண்டிய பிறகும் ஆசை இருந்தால் குத்தகை பேசுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் என்றால் அது 'டீட்' ஆக, அதாவது சாட்சி வைத்துக் கையெழுத்திடும் பத்திரமாக, எழுதப்பட வேண்டும். ஏழு வருடத்துக்கு மேல் என்றால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிய வேண்டும்.

நிலத்தை பிப்ரவரியில் பாருங்கள். ஜூனில் எல்லா வயலும் அழகுதான். களிமண் நிலத்தில் பிப்ரவரியில் கேட்டருகே பூட்ஸ் கணுக்கால் வரை புதையும், குதிரை நாள் முழுக்க அங்கேதான் நிற்கும். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் வரை சொல்கிறது. ஒரு ஏக்கர் என்றால் 100 சென்ட், யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு. ஜூலையில் இன்னொரு முறை போய் மஞ்சள் பூக்கும் ராக்வொர்ட் என்ற களைச்செடி இருக்கிறதா என்று பாருங்கள். அது குதிரையின் ஈரலைக் கெடுக்கும், காய்ந்து வைக்கோலோடு கலந்தால் குதிரைக்கு வித்தியாசமே தெரியாது. பொது நடைபாதை வயலுக்குள் போகிறதா என்றும் கேளுங்கள். குதிரை ரோட்டுக்கு ஓடி விபத்தானால் 1971-ன் விலங்குகள் சட்டப்படி உங்கள் தலையில் விழலாம், இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள் கூட விடாதீர்கள்.

பதிவுகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு ஆடு வளர்த்தாலும் நிலத்துக்கு சி.பி.எச். (கவுண்டி பாரிஷ் ஹோல்டிங்) என்ற அடையாள எண் வேண்டும். 2024 அக்டோபர் முதல் ஒரே ஒரு கோழிக்கும் பதிவு உண்டு. குதிரைக்கு பாஸ்போர்ட்டும் மைக்ரோசிப்பும் கட்டாயம்.

சாவி வாங்கும் அன்றே கேட், வேலியின் நான்கு பக்கம், தண்ணீர்த்தொட்டி எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, அன்று மாலையே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். சரிந்து கிடக்கும் கம்பம் எது என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.