மீட்டெடுத்த பூனைக்குட்டிகளும் கருத்தடைக்கான வயதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆதரவற்றுக் கத்தும் பூனைக்குட்டியை எடுத்து வளர்ப்பவர்களிடம் இரக்கத்துக்குக் குறைவிருப்பதில்லை. அப்படியிருந்தும் பல குட்டிகள் முதல் வாரத்தைத் தாண்டுவதில்லை. தாண்டிப் பிழைத்தவற்றுள் பல, ஓராண்டு நிறைவதற்குள் தாமே குட்டி ஈன்றுவிடுகின்றன. இரண்டுக்கும் முதன்மையான காரணம் நேரத்தைத் தவறாகக் கணிப்பது என்றே கருதுகிறேன். பொறுத்திருந்து பார்க்க வேண்டிய முதல் சில மணி நேரத்தில் அவசரப்படுகிறோம். விரைந்து முடிவெடுக்க வேண்டிய நான்காம் மாதத்தில் தள்ளிப்போடுகிறோம்.

கண்டவுடன் எடுத்துவிடுவது

தாய்ப்பூனை இரை தேடிப் பல மணி நேரம் குட்டிகளை விட்டுச் செல்வது இயல்பு. குட்டிகள் சுத்தமாகவும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அமைதியாக உறங்கியபடியும், வயிறு நிறைந்தும் இருந்தால் தாய் அருகில்தான் எங்கோ இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் அவற்றை எடுத்துச் செல்வது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், தாயிடமிருந்து பிரிப்பதாகவே முடியும். விலகி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். பக்கத்திலேயே நின்றால் தாய் வராது. தொடர்ந்து கவனிக்க முடியாதவர்கள் குட்டிகள் கிடக்கும் இடத்தைச் சுற்றிச் சிறிது மாவைத் தூவிவிட்டுச் சென்றால், தாய் வந்து போனதற்கான காலடித்தடம் பிறகு தெரியும். குட்டிகளின் உடல் சில்லிட்டிருந்தாலோ, காயமோ புழுவோ இருந்தாலோ, இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தாலோ, வண்டிகளாலும் நாய்களாலும் உடனடி ஆபத்து இருந்தாலோ காத்திருக்கக் கூடாது.

மனித வாடை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. எடுத்த குட்டியைத் திரும்ப வைத்தால் பெரும்பாலான தாய்ப்பூனைகள் ஏற்றுக்கொள்கின்றன. தாயையும் சேர்த்தே மீட்க முடியுமானால் அதைவிடச் சிறந்த வழி வேறில்லை. பிறந்த முதல் நாளின் சீம்பாலில் கிடைக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கு எந்தப் பால்மாவும் ஈடாகாது.

வயதைத் தவறாகக் கணிப்பது

எவ்வளவு பால், எத்தனை வேளை, எப்போது திட உணவு என்ற எல்லா முடிவுகளும் வயதைச் சார்ந்தவை. கண்கள் ஏறத்தாழ ஏழாம் நாள் தொடங்கி இரண்டாம் வார முடிவுக்குள் திறக்கின்றன. மடிந்து கிடக்கும் காதுகள் மூன்றாம் வாரத்தில் நிமிரத் தொடங்குகின்றன. முன்பற்கள் முளைப்பதும் அதே காலத்தில்தான். நான்காம் வாரத்தில் கோரைப்பற்கள் தெரியும். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும் குட்டி, நன்றாக வளர்ந்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் கூடும். ஆனால் மீட்கப்படும் குட்டிகள் பெரும்பாலும் மெலிந்தே இருப்பதால், எடையை மட்டும் பார்த்தால் வயதைக் குறைத்தே மதிப்பிடுவோம். பற்களே நம்பகமான சான்று.

குளிர்ந்த உடலுக்குப் பால் கொடுப்பது

பசியோடு கிடக்கும் குட்டிக்கு உடனே பால் ஊட்ட வேண்டும் என்ற எண்ணமே மிக அதிகமான உயிர்களைப் பறிக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்த குட்டிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் இல்லை; முதல் வாரத்தில் குளிரில் நடுங்கி வெப்பம் உண்டாக்கும் அனிச்சைச் செயல்கூட இருப்பதில்லை. முதல் வாரத்தில் அதன் இயல்பான வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை. அதற்குக் கீழே இறங்கும்போது குடல் இயக்கம் மந்தமாகி, விழுங்கும் திறனும் குறைகிறது. அப்போது ஊட்டப்படும் பால் செரிக்காமல் வயிற்றில் தேங்கி உப்புசத்தை உண்டாக்கும், அல்லது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்.

வாயின் உட்புறமும் பாதங்களும் தொட்டால் சில்லென்று இருக்கும் குட்டியை முதலில் சூடேற்ற வேண்டும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு, மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை இது. மார்போடு அணைத்துத் துணியால் போர்த்தலாம். வெந்நீர்ப் பையைத் தடித்த துண்டில் சுற்றி அருகில் வைக்கலாம். வெந்நீரில் முக்குவது, சூடான பையின் மேல் நேரடியாகக் கிடத்துவது போன்றவை தோலைச் சுட்டுவிடும். திடீரென்று ஏறும் வெப்பம் இரத்த ஓட்டத்தையும் குலைக்கும். பிறகு குட்டி தங்கும் பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். சூடு அதிகமானால் விலகிப் போக மறுபக்கத்தில் இடம் வேண்டும்.

பாலிலும் ஊட்டும் முறையிலும் நேரும் பிழைகள்

பூனையின் பாலோடு ஒப்பிட்டால் பசும்பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு. அதிலுள்ள லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. சில நூறு கிராம் எடையுள்ள உடலில் ஒரே நாள் வயிற்றுப்போக்கு ஏற்படுத்தும் நீரிழப்பே உயிருக்கு ஆபத்தாகலாம். பூனைக்குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் பால்மாவைத்தான் கொடுக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை என்ன கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்டறிவது நல்லது. சத்து கூடட்டும் என்று பால்மாவை அதிகம் கரைப்பதும், மிச்சம் பிடிக்க நீரைக் கூட்டுவதும் ஒரே அளவு தவறானவை.

மல்லாக்கப் படுக்க வைத்து, மனிதக் குழந்தைக்குப் போலப் புட்டியை வாயில் வைப்பது மற்றொரு கொடிய பிழை. தாயிடம் பால் குடிப்பதுபோல் குட்டி குப்புறப் படுத்து, தலையைச் சற்றே உயர்த்திக் குடிக்க வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்டுவோர் அழுத்திப் பீய்ச்சாமல், குட்டி உறிஞ்சும் வேகத்துக்கேற்பத் துளித்துளியாக விட வேண்டும். மூக்கின் வழியே பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். அதன் பிறகு மூச்சுத் திணறலோ சோர்வோ தெரிந்தால் நுரையீரலுக்குள் பால் சென்றிருக்கிறது என்று கொண்டு அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயிற்றின் கொள்ளளவு 100 கிராம் உடல் எடைக்கு ஏறத்தாழ 4 மில்லிதான். அதனால் ஒரே வேளையில் நிறையக் கொடுப்பதைவிட, முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் தவறாமல், கொடுப்பதே சரி. ஒருவரால் மட்டும் தாங்க முடியாத உழைப்பு இது. வீட்டில் இன்னொருவர் முறைவைத்து உதவ முடியுமா என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பால் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். ஏறத்தாழ மூன்று வாரம்வரை குட்டியால் தானாகச் சிறுநீரும் மலமும் கழிக்க இயலாது. தாய் நக்கித் தூண்டுவதை நாம் வெதுவெதுப்பான ஈரத்துணியால் மென்மையாகத் தடவிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு வேளை பாலுக்கும் ஒருமுறை.

எடை பார்க்காமல் விடுவதும் பெரிய தவறு. குட்டி விளையாடுகிறது, கத்துகிறது, ஆகவே நலமாக இருக்கிறது என்ற கணிப்பு பல முறை பொய்க்கும். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றில் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வாருங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூடினால் கவலையில்லை. ஒரு நாள் கூடாவிட்டால் காரணம் தேட வேண்டும். குறைந்திருந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளுக்கு முன்பே எடை பேசிவிடுகிறது. மீட்புப் பணியில் ஈடுபடுவோர் வாங்க வேண்டிய முதல் பொருள் எதுவென்று கேட்டால், புட்டியைவிடத் தராசையே முதலில் சொல்வேன்.

மருந்தும் தொற்றும்

தெள்ளுப்பூச்சிகள் மொய்த்த சிறு குட்டி இரத்தசோகையால் இறக்கக்கூடும்; ஈறு வெளுத்திருந்தால் நிலைமை அவசரமானது. ஆனால் நாய்களுக்கான தெள்ளு மருந்தை அளவு குறைத்துப் பூசலாம் என்ற எண்ணம் அதைவிட ஆபத்தானது, ஏனெனில் அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைகளுக்கு நஞ்சு. பாராசிட்டமாலும் அப்படியே; ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லலாம். மிகச் சிறிய குட்டிக்கு நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாருவதே பாதுகாப்பான தொடக்கம். குடற்புழு மருந்தை இரண்டு மூன்று வார வயதில் தொடங்கலாம். அளவை எடைக்கேற்ப மருத்துவரே சொல்ல வேண்டும்.

புதிதாக வந்த குட்டியை வீட்டிலுள்ள பூனைகளோடு முதல் நாளே பழகவிடாதீர்கள். இரண்டு வாரமாவது தனி அறையில் இருக்கட்டும். வெள்ளணுக்களை அழிக்கும் பேன்லூகோபீனியா வைரஸ் தரையிலும் துணியிலும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும், தடுப்பூசி போடாத குட்டிகளை ஓரிரு நாட்களில் வீழ்த்தும். ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம்வரை தொடர வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருள்கள் தடுப்பூசியின் வேலையைத் தடுக்கக்கூடும், அவை எப்போது மறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது.

கருத்தடையைத் தள்ளிப்போடுவது

பெண் பூனை ஒருமுறையாவது குட்டி போட்ட பிறகே கருத்தடை செய்ய வேண்டும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஈனுவதால் பூனையின் உடல்நலமோ குணமோ மேம்படுகிறது என்பதற்குச் சான்று இல்லை. எதிர்த்திசையில்தான் சான்று இருக்கிறது. பூனைகளுக்கு வரும் பால்சுரப்பிக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயாகவே இருக்கின்றன. 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு 91 விழுக்காடும், ஓராண்டுக்குள் செய்தவற்றுக்கு 86 விழுக்காடும் குறைவதாகக் காட்டியது. அதற்குப் பின் இந்தப் பயன் வெகுவாகத் தேய்ந்துவிடுகிறது. கருப்பையில் சீழ் கட்டும் நோயும் கருத்தடையால் தவிர்க்கப்படுகிறது.

ஆறு மாதம் ஆகட்டும் என்ற பழைய கணக்கும் இன்று பொருந்தாது. பெண் பூனை நான்கு மாத வயதிலேயே பருவத்துக்கு வரலாம், உடன்பிறந்த கடுவனோடும் இணையும். பூனைகளில் இணைசேர்வதே கருமுட்டை வெளிப்படுவதைத் தூண்டுவதால், சினைப்படும் வாய்ப்பு மிக அதிகம். சினைக்காலமோ ஏறத்தாழ ஒன்பது வாரம்தான். ஆறாம் மாதத்தில் மருத்துவரிடம் கொண்டுசெல்லும்போது அது ஏற்கெனவே சினையாக இருப்பது அரிதன்று. இதைக் கருத்தில் கொண்டே ஐந்து மாதத்துக்குள் கருத்தடை என்ற பரிந்துரையை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2017-இல் ஆதரித்தது.

சிறு வயதில் செய்தால் வளர்ச்சி குன்றும், கடுவன் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை குறுகி அடைப்பு வரும் என்ற அச்சங்களை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. சொல்லப்போனால், எலும்பு நீள்வதற்கு இடமான வளர்தட்டுகள் தாமதமாக மூடுவதால் இத்தகைய பூனைகளின் எலும்புகள் சற்று நீளமாகவே வளர்கின்றன. ஆனால் இதன் மறுமுனைக்குச் சென்று, சளியும் வயிற்றுப்போக்குமாக இருக்கும் மெலிந்த குட்டியை அவசரமாக அறுவை சிகிச்சைக்குக் கொண்டுசெல்வதும் தவறு. காப்பகங்களில் எட்டு வாரமும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையும் நிறைந்த நலமான குட்டிகளுக்குச் செய்கிறார்கள். தத்துக் கொடுத்த பிறகு பெறும் வாக்குறுதிகள் எளிதில் மறக்கப்படுவதால், கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுவதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. வீட்டிலேயே தங்கப்போகும் குட்டிக்கு, தடுப்பூசிகள் முடியும் நான்கு மாத வயது பொருத்தமான காலம். அதுவரை கடுவனையும் பெட்டையையும் பிரித்து வைக்க வேண்டும். முதல் தடுப்பூசி நாளிலேயே அறுவை சிகிச்சைக்கும் தேதி குறித்துவிட்டால் அந்த மாதம் கைநழுவாது.

பருவத்துக்கு வந்த பூனை உருண்டு புரண்டு ஓயாமல் கத்துவதைக் கண்டு, அதை அடக்க ஹார்மோன் மாத்திரையோ ஊசியோ கொடுப்பவர்கள் உண்டு. இதற்குக் கொடுக்கப்படும் புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் மருந்துகள் கருப்பைச் சீழுக்கும் பால்சுரப்பிக் கட்டிக்கும் நீரிழிவுக்கும் வழிவகுக்கக்கூடியவை. அறுவை சிகிச்சைக்கு அவை மாற்றாக மாட்டா. பருவத்தில் இருக்கும்போதும் கருத்தடை செய்ய முடியும் என்றாலும், அப்போது இரத்த ஓட்டம் அதிகமாக இருப்பதால் அன்றே செய்வதா, சில நாள் பொறுப்பதா என்பதை மருத்துவரிடம் விட்டுவிடலாம். பால் கொடுக்கும் பூனை சினைப்படாது என்பது மற்றொரு தவறான நம்பிக்கை. குட்டிகள் பால்குடி மறக்கும் முன்பே அது மீண்டும் சினையாகலாம். ஆகவே அதைக் கடுவன்கள் அண்டாத இடத்தில் வைத்து, குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும் கருத்தடை செய்ய வேண்டும்.

கடுவனுக்குச் செய்வதை வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கடுவன் பல பெட்டைகளோடு இணைகிறது. கடுவன்களின் சண்டையில் படும் கடிகளே பூனைகளின் நோயெதிர்ப்பைக் குலைக்கும் எஃப்ஐவி தொற்று பரவும் முக்கிய வழி. விதைநீக்கம் செய்த பிறகும் சில வாரங்களுக்குக் கடுவன் கருவுறச் செய்ய வல்லது என்பதை நினைவில் கொண்டு, அதுவரை பெட்டைகளிடமிருந்து பிரித்தே வைக்க வேண்டும்.

அறுவை சிகிச்சையை ஒட்டி

பெரிய பூனைகளைப் போலக் குட்டியையும் இரவு முழுவதும் பட்டினி போடுவது தீங்கானது. இரத்தச் சர்க்கரை விரைவில் சரிந்துவிடும். எத்தனை மணி நேரம் உணவை நிறுத்துவது என்பதை வயதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு குட்டிகளுக்கு அது பொதுவாகச் சில மணி நேரமே இருக்கும். மயக்கம் தெளியும்வரை வெதுவெதுப்பு தேவை. தையலை நக்காதிருக்கக் கழுத்துப்பட்டையை, பூனை எவ்வளவு வெறுத்தாலும், மருத்துவர் சொன்ன நாள்வரை கழற்றக் கூடாது. புண் ஆற 10 முதல் 14 நாட்கள் ஆகும். இலேசான வீக்கம் இயல்பு; சீழ், துர்நாற்றம், தையல் பிரிதல், ஒரு நாளுக்கு மேல் உண்ணாமை ஆகியவை இயல்பல்ல. கருத்தடைக்குப் பின் உடலின் ஆற்றல் தேவை குறைந்து பசி கூடுவதால், வளர்ச்சி முடியும் தறுவாயில் உணவை அளந்து வைக்கத் தொடங்கி, மாதம் ஒருமுறை எடை பார்த்து அந்த அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.