ஹெட்போனுக்கு ஈக்யூ: கூட்டுவதற்கு முன் குறைத்துப் பாருங்கள்

புது ஹெட்போன் பார்க்கக் கொழும்பில் யூனிட்டி பிளாசாவுக்கோ புறக்கோட்டைக்கோ கிளம்பும் முன், கையில் இருப்பதற்கு ஒருமுறை ஒழுங்காக ஈக்யூ செய்து பாருங்கள், அதாவது ஒலியின் தாழ்ந்த (பேஸ்), நடு, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஐந்து சதம் செலவில்லை, வித்தியாசமோ பெரியது.

ஈக்யூ என்றதும் பலரும் போனில் இருக்கிற பேஸ் பூஸ்ட், ராக், பாப் போன்றவற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த செட்டிங்குகளுக்கு உங்கள் ஹெட்போன் எது என்று தெரியாது. ஏற்கெனவே பேஸ் தூக்கலாக உள்ள ஹெட்போனில் இன்னும் பேஸைக் கூட்டினால் மிருதங்கத்தின் தொப்பி மட்டும் வீங்கிக் கேட்கும், பாடுகிறவரின் குரல் பின்னால் போய்விடும். நாம் செய்ய வேண்டியது அந்த ஹெட்போனின் குறையைத் திருத்துவது.

காதுக்குள் வைக்கும் வகையென்றால் முதலில் ரப்பரைப் பாருங்கள். அது காதை நன்றாக அடைக்காவிட்டால் பேஸ் கசிந்துவிடும், எந்த ஈக்யூவாலும் அதைச் சரிக்கட்ட முடியாது, வேறு அளவு ரப்பர்தான் மாற்ற வேண்டும்.

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, அதைக் கையாளச் சுலபமாக பீஸ், இரண்டும் இலவச ஈக்யூ மென்பொருட்கள். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலி. ஆட்டோஈக்யூ என்ற திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கு, அளந்து பார்த்துக் கணக்கிட்ட திருத்தங்கள் இருக்கின்றன, வேவ்லெட்டுக்குள்ளேயே உங்கள் மாடலின் பெயரைத் தேடிப் போட்டுவிடலாம். பெரும்பாலும் அவை ஹார்மன் வளைகோட்டை ஒட்டியவை, அதாவது ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவும் அவரோடு வேலை செய்தவர்களும் கேட்பவர்களுக்கு எந்த ஒலி பிடிக்கிறது என்று சோதித்துக் கண்டது. தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

உங்கள் மாடல் அதில் இல்லையா? சரி, காதை நம்பிச் செய்யலாம். பாராமெட்ரிக் ஈக்யூவில் மூன்று எண்கள்தான்: எந்த அதிர்வெண் (ஹேர்ட்ஸில்), எத்தனை டெசிபல் கூட்டுவது அல்லது குறைப்பது, எவ்வளவு அகலம். அகலத்தைச் சொல்வது கியூ, அது கூடினால் திருத்தம் குறுகும். 60 முதல் 100 ஹேர்ட்ஸ் வரை அடியின் கனம். 200, 300 பக்கம் அதிகமானால் எல்லாமே போர்வைக்குள் இருந்து கேட்பதுபோல் மங்கும், மலிவு ஹெட்போன்களில் நான் முதலில் கை வைப்பது இங்கேதான், 3 டெசிபல் இறக்கினாலே குரல் முன்னுக்கு வந்துவிடும். 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரை குரலின் தெளிவும் நாதஸ்வரத்தின் கூர்மையும். 6 முதல் 9 வரை ஸகரம் சீறும் இடம்.

குத்துகிற இடத்தைக் கண்டுபிடிக்க, வால்யூமைக் குறைத்துக்கொண்டு, கியூ 4, கூட்டல் 6 டெசிபல் என்று வைத்து மெதுவாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் தாங்க முடியாமல் போகிறதோ அங்கே கூட்டலை எடுத்துவிட்டு 2, 3 டெசிபல் இறக்குங்கள். நன்றாகப் பழகிய பாட்டில் செய்யுங்கள், தெரியாத பாட்டில் குறை ஹெட்போனுடையதா பதிவினுடையதா என்று விளங்காது.

எங்கேயாவது கூட்டினால் ப்ரீஆம்பை, அதாவது ஈக்யூவில் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் அமைப்பை, அதே அளவு இறக்க மறக்காதீர்கள். 5 டெசிபல் கூட்டியிருந்தால் ப்ரீஆம்ப் கழித்தல் 5. இல்லாவிட்டால் டிஜிட்டல் சிக்னல் உச்ச எல்லையைத் தாண்டி, சத்தமான இடங்களில் கரகரக்கும். அப்புறம், ஈக்யூவைப் போட்டும் நிறுத்தியும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று காது எப்போதும் தீர்ப்புச் சொல்லும்.

இதையெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து செய்யாதீர்கள். கொழும்பின் காலி வீதியில் (Galle Road) போகும் பஸ்ஸின் எஞ்சின் இரைச்சல் பேஸை மூடிவிடும், அங்கே சரியாகத் தெரிந்தது வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து இரவில் கேட்டால் தலையிடியாக இருக்கும். வீட்டில் அமைதியான நேரத்தில் ஒன்றைச் செய்து சேமியுங்கள், அதன் பிரதியில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் கூட்டிப் பஸ்ஸுக்கென்று தனியாக வையுங்கள். அதோடு வால்யூமையும் ஏற்ற வேண்டாம், பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

ஹெட்போனுக்குள் ஒலியை எழுப்பும் சின்ன ட்ரைவரிடம் 30 ஹேர்ட்ஸில் 10 டெசிபல் கேட்டால் பேஸ் வராது, உடைந்த சத்தம்தான் வரும். அதேபோல் 10 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே அளவீடுகள் காதுக்குக் காது மாறும், ஆட்டோஈக்யூ அங்கே சொல்வதை விட்டுவிட்டு உங்களுக்குப் பிடித்தபடி வையுங்கள்.