நடுங்கியதா, அதிர்ந்ததா, குலுங்கியதா: பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அசைவைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் எழுதுகிறவர்கள் பலர் ‘நடுங்கியது’, ‘ஆடியது’ ஆகிய இரண்டை மட்டுமே எல்லா இடத்திலும் இட்டு நிரப்பிவிடுகிறார்கள். எந்தச் சொல்லை இடுவது என்ற ஐயம் எழும்போது, அசைவு எங்கிருந்து புறப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

குளிராலோ அச்சத்தாலோ முதுமையாலோ உடலுக்குள்ளிருந்தே எழுவது நடுக்கம். ஓசையோ இயந்திர விசையோ ஒரு பொருளில் பரவினால் அது அதிர்வு. நிறுத்தத்தில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பழைய பேருந்தின் சன்னல் கண்ணாடி அதிர்கிறது. அதே பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, வண்டி முழுவதும் தூக்கிப் போடப்படுவதால், குலுங்குகிறது. தொல்காப்பிய உரியியல் அதிர்வு, விதிர்ப்பு இரண்டுக்கும் நடுக்கம் என்றே பொருள் சொல்கிறது. இன்றைய வழக்கில் அவை பிரிந்துவிட்டன. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திரா அருகே கடலடியில் நிகழ்ந்ததை நிலநடுக்கம் என்றும், அன்று காலை சென்னையில் உணரப்பட்டதை நில அதிர்வு என்றும் எழுதுவதே பொருத்தம்.

அடுத்து, அசைப்பவர் ஒருவர் உண்டா என்று பார்க்க வேண்டும். வண்டி தானே குலுங்கும். உண்டியலை நாம் குலுக்குவோம். புளியம்பழம் உதிர்வதற்காகக் கிளையைப் பற்றி வேகமாக ஆட்டுவது உலுக்குதல். துவைத்த வேட்டியைக் கொடியில் போடுமுன், நீரும் சுருக்கமும் போகும்படி ஒரே வீச்சில் வீசுவது உதறுதல். ஒட்டியிருப்பதை விலக்கும் நோக்கம் உதறுதலில் இருப்பதால்தான் பிடிக்காத வேலையையும் உதறுகிறோம், உலுக்குவதில்லை. அச்சத்தில் ‘உதறல் எடுத்தது’ என்பது பேச்சு வழக்கு. அங்கே பொருள் நடுக்கந்தான்.

துடிப்பு பெரும்பாலும் உயிருள்ளவற்றுக்கே உரியது. அழுகை வெடிக்குமுன் குழந்தையின் கீழுதடு துடிக்கும். கரையில் போட்ட மீனும் துடிக்கும். அதை நடுங்கியது என்று எழுதினால் மீனுக்குக் குளிரெடுத்தது என்றாகிவிடும். நிறைகுடத்து நீருக்குத் தளும்புதல் என்ற தனிச்சொல்லே இருக்கிறது.

அசைவின் அளவைக் காட்ட ‘மிகவும்’ என்ற சொல்லை நாடுவதைவிட இரட்டைக்கிளவியை நாடுவது நல்லது. குளிருக்கு வெடவெடவென்றும், அச்சத்துக்குக் கிடுகிடுவென்றும், இமைக்கும் சிறகுக்கும் படபடவென்றும் எழுதினால், காரணத்தைத் தனியே விளக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.