வார்ட், ஹோர்ட்டன், ஆர்னோல்ட்: உங்கட இங்கிலீஸ் குடும்பப் பேரையும் குலச்சின்னத்தையும் தேடுறது எப்பிடி

முதல்ல ஒண்டு சொல்லிப்போட்டுத் தொடங்குறன். குடும்பப் பேருக்கெண்டு குலச்சின்னம் கிடையாது. இங்கிலாந்து முறையில சின்னம் குடுக்கிறது ஒரு ஆளுக்கு, அவருக்குப் பிறகு ஆண் வழியில வாற அவற்ற பரம்பரைக்கு, அதே பேர் இருக்கிற மற்ற ஆக்களுக்கு அதில ஒரு பங்கும் இல்லை. இது தெரியாமத்தான் லண்டன்லயும் டொரண்டோவிலயும் இருக்கிற சொந்தக்காரர் ஒன்லைன்ல காசு கட்டி, பேரடிச்ச கப்பும் பிரேம் போட்ட கேடயப் படமும் வாங்கி கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கினம், அந்தப் பேர்ல எப்பவோ இருந்த ஆரோ ஒராளின்ர சின்னத்தைத்தான் அந்த வெப்சைட்டுகள் எல்லாருக்கும் விக்கிறது. அந்தக் காசை வச்சிருங்கோ, நாலு பதிவேட்டுக் கொப்பி எடுக்கப் பயன்படும்.

உதாரணத்துக்கு வார்ட் எண்ட பேரை எடுப்பம். கொழும்பு 7இல இருக்கிற வார்ட் பிளேஸ், 1855 இலயிருந்து 1860 வரைக்கும் இங்க இலங்கையில கவர்னரா இருந்த சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்ட்டின்ர பேர், அவர் இங்கயிருந்து மெட்ராசுக்கு கவர்னராப் போய் அதே வருசம் கொலராவில செத்துப்போனார். உங்கட பேரும் வார்ட் எண்டா உடன அவரோட சேத்து முடிச்சுப் போடாதேங்கோ. தேடல் உங்களிலயிருந்து பின்னுக்குப் போகவேணும், பெரிய மனுசர் ஒருத்தரைப் பிடிச்சு அவரிலயிருந்து உங்களுக்குக் கோடு கீறினா எங்கயும் போய்ச் சேராது.

உங்கட பிறப்புச் சான்றிதழ், அப்பாவின்ர, அப்பப்பாவின்ர, கலியாணப் பதிவு, மரணப் பதிவு எண்டு ஒவ்வொரு படியா ஏறுங்கோ, குடும்பத்தில அந்த இங்கிலீஸ் பேரோட முதல் வந்த ஆள் ஆர் எண்டு கண்டுபிடிக்கிற வரைக்கும் ஏறவேணும். எங்கட ஆக்களுக்குள்ள தலைமுறைக்குத் தலைமுறை மாறாத குடும்பப் பேர் வழக்கமில்லை, அப்பாவின்ர பேர் முதலெழுத்தா வரும், அடுத்த தலைமுறையில அது மாறும். அதால ஒராளுக்கு ஞானஸ்நானத்தில வச்ச பேரை பிள்ளையள் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு, அது குடும்பப் பேரா நிண்டுபோறது நிறைய இடத்தில நடந்திருக்கு. பழைய பதிவுக்கு தேவாலயப் பதிவேடுகள்தான் உயிர், எந்தச் சபை எண்டு முதல் தெரிஞ்சுகொண்டு போங்கோ, அங்கிலிக்கனா மெதடிஸ்தா அமெரிக்க மிஷனா எண்டது தெரியாமப் போனா ஒரு கோயில்லயிருந்து இன்னொரு கோயிலுக்கு அலைச்சல்தான் மிச்சம். கொழும்பு 7இல இருக்கிற தேசிய சுவடிகள் திணைக்களத்தில ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு எண்ட காணிப் பதிவேட்டிலயிருந்து இங்கிலீஸ்காரர் காலத்துக் காகிதம் வரைக்கும் இருக்கு. பறங்கியர் குடும்பமெண்டா டச் பேர்கர் யூனியன் 1908 இலயிருந்து வெளியிட்ட சஞ்சிகையைக் கட்டாயம் பாருங்கோ, வம்சாவளிகளை அதில தொடர்ந்து போட்டிருக்கினம். கல்லறை வாசகங்களுக்கு பென்றி லூயிஸ் எண்டவர் 1913இல தொகுத்த இலங்கைக் கல்லறைப் பட்டியல் இருக்கு, கல்லு தேஞ்சுபோன இடத்திலயும் எழுத்து அதில நிண்டிருக்கும்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இந்தப் பந்தியை ஆறுதலா வாசிக்கவேணும். 1816 இலயிருந்து அங்க அமெரிக்க மிஷன் வேலை செய்தது, 1823இல வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கினது. அமெரிக்காவில இருந்து ஒரு பிள்ளையின்ர படிப்புக்குக் காசு குடுத்த ஆளின்ர பேரை அந்தப் பிள்ளைக்கு வைக்கிறது அங்க வழக்கமா இருந்தது. அந்த மிஷன்ர பத்திரிகையான உதயதாரகையின்ர ஆசிரியரா இருந்த சதாசிவம்பிள்ளையை ஆர்னோல்ட் எண்டும் சொல்லுவினம், அந்தப் பேர் அவற்ற அப்பாவிட்டயிருந்து வந்ததில்லை. வார்ட் பேருக்கும் இப்பிடி ஒரு வழி இருந்திருக்கலாம், 1830களில அந்த மிஷன்ல நேதன் வார்ட் எண்டு ஒரு டொக்டர் யாழ்ப்பாணத்தில இருந்தவர். அப்பிடி வந்த பேரெண்டா இங்கிலாந்தில ரத்த உறவு தேடுறது வீண். ஆனா அந்தப் பேருக்கும் ஒரு சரித்திரம் இருக்கு, என்னைக் கேட்டா கேடயத்தில சிங்கம் வச்சிருந்த பிரபுவின்ர கதையை விட முகம் தெரியாத ஒரு பிள்ளையைப் படிப்பிக்கக் காசனுப்பின மனுசரின்ர கதைதான் தேடி எடுக்க வேண்டியது. மிஷனை நடத்தின அமெரிக்கன் போர்டின்ர காகிதங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஹோட்டன் லைப்ரரியில இருக்கு, அவையின்ர மாத இதழ் 'மிஷனரி ஹெரால்ட்' இன்டர்நெட்டில இலவசமாக் கிடைக்கும், யாழ்ப்பாணத்துச் செய்தி அதில நிறைய.

இனிப் பேரின்ர அர்த்தம். இங்கிலீஸ் குடும்பப் பேரெல்லாம் பெரும்பாலும் நாலு வழியால வந்தது: ஊர், தொழில், அப்பாவின்ர பேர், பட்டப்பேர். 1066இல நோர்மன்காரர் வந்த பிறகு மெல்ல மெல்லப் பரவி, 1400 அளவில இங்கிலாந்தில அனேகமா எல்லாருக்கும் பரம்பரைப் பேர் வந்திட்டுது. ஃபிளெட்சர் எண்டா அம்பு செய்யிறவன், ஜோன்சன் எண்டா ஜோனின்ர மகன், இதெல்லாம் லேசு. வார்ட் எண்டது பழைய இங்கிலீஸ்ல வெயார்ட், காவல்காரன். ஆனா அயர்லாந்து வார்ட் வேற ஆக்கள், அது கேலிக் மொழியில மக் அன் வார்ட், பாணனின்ர மகன், இங்கிலீஸ்ல எழுதேக்க சுருங்கி வார்ட் ஆனது. எழுத்து ஒண்டு, வேர் ரெண்டு, அதால உங்கட முதல் வார்ட் எந்த நாட்டிலயிருந்து வந்தவர் எண்டு தெரியாம அர்த்தம் சொல்லவே கூடாது.

கலியாணத்தாலயும் உயிலாலயும் பேர் மாறும். ஹோர்ட்டன் பிளேஸ், ஹோர்ட்டன் சமவெளி ரெண்டும் 1831 இலயிருந்து 1837 வரைக்கும் கவர்னரா இருந்த சேர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின்ர பேர்ல வந்தது, அவர் பிறக்கேக்க வெறும் வில்மட்தான், மாமனாரின்ர உயில்ப்படி 1823இல ஹோர்ட்டனைச் சேத்துக்கொண்டவர். ஹோர்ட்டன் எண்டா சேறு நிறைஞ்ச நிலத்துக் குடியிருப்பு, இங்கிலாந்தில அந்தப் பேர்ல ஊர்கள் கனக்க இருக்கு, அதால ஊர்ப்பேர் எண்டா எந்தக் கவுண்டி, அதாவது இங்கிலாந்தில எந்த மாவட்டம் எண்டது கட்டாயம் வேணும்.

கடல் கடந்த ஆள் ஆரெண்டு பிடிபட்டால்தான் இங்கிலாந்துப் பதிவுக்குப் போகலாம். 1837 யூலையிலயிருந்து அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு, 1841 இலயிருந்து ஆக்களின்ர பேரோட குடிசனக் கணக்கு, அதுக்கு முந்தி 1538இல தொடங்கின கோயில் பதிவேடு. இதுகளைத் தேட ஃபேமிலிசேர்ச், ஃப்ரீபிஎம்டி எண்ட வெப்சைட்டுகள் ரெண்டும் இலவசம். இன்னொண்டு, பிரிட்டிஷ் இந்திய ஆட்சியின்ர காகிதங்களான இந்தியா ஒஃபிஸ் பதிவுகளுக்குள்ள போய் மினக்கெடாதேங்கோ, இலங்கை 1802 இலயிருந்து கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கீழ இல்லை, நேரா இங்கிலாந்து முடியாட்சிக்குக் கீழ, அதால கவர்னர்மார் லண்டனுக்கு எழுதின காகிதமெல்லாம் லண்டன்ல கியூ எண்ட இடத்தில இருக்கிற பிரிட்டிஷ் தேசிய சுவடிகள்ல சிஓ 54 எண்ட தொகுதியில கிடக்கு.

சரி, சின்னம். 'ஃபேமிலி கிரெஸ்ட்' எண்டு எல்லாரும் சொன்னாலும் கிரெஸ்ட் எண்டது தலைக்கவசத்துக்கு மேல நிக்கிற உருவம் மட்டும்தான், முக்கியம் கேடயம். கேடயத்தை படத்தால பதியிறதில்லை, சொல்லால பதியிறது, அதை பிளேசன் எண்டுவினம், பழைய பிரெஞ்சுச் சொல் நிறைஞ்ச ஒரு பாஷை. வார்ட்டுக்கு வருவம்: 17ஆம் நூற்றாண்டில லண்டன்ல பொன் வியாபாரம் செய்த வில்லியம் வார்ட்டின்ர வழியில வந்த டட்லி பிரபு குடும்பத்தின்ர சின்னம் 'செக்கி ஓர் அண்ட் அஷூர், எ பெண்ட் எர்மின்'. முதல் வாறது எப்பவும் பின்னணி, ஓர் தங்கம், அஷூர் நீலம், செக்கி எண்டா சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டம். பிறகு அதுக்கு மேல இருக்கிறது, பெண்ட் எண்டா சாய்வான பட்டை, எர்மின் வெள்ளையில கறுப்புப் புள்ளி வாற மயிர்த்தோல். வலம் இடம் எண்டது கேடயம் பிடிச்சிருக்கிறவரின்ர பக்கம், அதால அவருக்கு வலது மேலயிருந்து தொடங்குற பட்டை எங்கட கண்ணுக்கு இடது மேலயிருந்து வலது கீழ வரும். அயர்லாந்தில பாங்கர் பிரபு குடும்பமும் வார்ட்தான், அவைக்கு நீலத்தில தங்கச் சிலுவை. ரெண்டு வார்ட், ரெண்டு சின்னம், இதில எதை எல்லா வார்ட்டுக்கும் எண்டு கப்பில அடிக்கிறது?

சில சின்னம் பேரை வச்சே விளையாடும், இரண்டாம் எலிசபெத் ராணியின்ர அம்மா போவ்ஸ்-லயன் குடும்பம், அவையின்ர கேடயத்தில வில்லும் சிங்கமும். நேரில பாக்க ஆசையெண்டா கொழும்பு 13 வுல்ஃபெண்டால் தேவாலயத்துக்குப் போங்கோ, 1813இல கோட்டைக்குள்ள இருந்து கொண்டுவந்த ஒல்லாந்தக் கல்லறைக் கற்களில கேடயமும் கவசமும் அவ்வளவு அழகாச் செதுக்கியிருக்கு. அது ஒல்லாந்து முறை, அங்க சாதாரண நகரவாசியும் தானா சின்னம் வச்சுக்கொள்ளலாம், இங்கிலாந்துச் சட்டத்தை அதுக்குப் போடக்கூடாது.

இங்கிலாந்துச் சின்னத்துக்கு லண்டன்ல கொலிஜ் ஒஃப் ஆம்ஸ் எண்ட சின்னம் குடுத்துப் பதியிற அலுவலகம், 1484 இலயிருந்து இருக்கு. ஸ்கொட்லாந்துக்கு அதே வேலை பாக்கிற அதிகாரி லோர்ட் லயன், அங்க உரிமையில்லாமச் சின்னம் பாவிச்சா குற்றம். கொலிஜுக்கு எழுத முதல், பேர்க் எண்டவர் தொகுத்த 'ஜெனரல் ஆர்மரி' எண்ட சின்னப் பட்டியலை, 1884 பதிப்பு ஒன்லைன்ல இருக்கு, திறந்து உங்கட பேருக்குக் கீழ எத்தினை குடும்பம், எந்தெந்தக் கவுண்டி எண்டு பாருங்கோ. ஆனா அனுமதி கிடைக்காத சின்னங்களையும் அதில போட்டிருக்கு, குறிப்பா எடுங்கோ, ஆதாரமா எடுக்காதேங்கோ. பிறகு கொலிஜ்ல அண்டைக்குக் கடமையில இருக்கிற அதிகாரிக்கு எழுதுங்கோ, உங்கட ஆண் வழி, ஒவ்வொரு தலைமுறைக்கும் திகதி, ஊர், பதிவுக் கொப்பி எல்லாம் வைச்சு. தேடிக் குடுக்கக் காசு எடுப்பினம், அதால எவ்வளவு தொகை எண்டு முதல்லயே கேட்டு எழுத்தில வாங்கிக்கொண்டு பிறகு சம்மதம் சொல்லுங்கோ.