புரண்டு படுத்தால் வரும் தலைச்சுற்று: கட்டிலிலேயே சரிசெய்யும் முறை

"பாயில புரண்டு படுத்தன், வீடே சுழண்டுது." "முருங்கைக்காய் பறிக்க அண்ணாந்தன், விழப்பாத்தன்." இலங்கையின் வன்னியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவருக்கு, கூட வந்தவர்கள் "பிரஷராக்கும், சேலைன் ஏத்துங்கோ" என்பார்கள். சேலைன் இதற்கு மருந்தல்ல. உட்காதில் இருக்கும் நுண்ணிய கல்சியம் பளிங்குகள் இடம்பெயர்ந்து, தலையின் அசைவை உணரும் வளைகுழாயான அரைவட்டக் கால்வாய் ஒன்றுக்குள், பெரும்பாலும் பின்புறக் கால்வாய்க்குள், விழுந்துவிடுகின்றன. அவற்றை வந்த வழியே வெளியேற்றினால் சுற்று நிற்கும்.

முதலில், யாருக்குச் செய்யக்கூடாது என்று பாருங்கள். அசையாமல் கிடந்தும் ஓயாத சுற்று, இரட்டைப் பார்வை, நாக்குளறல், விழுங்கச் சிரமம், கைகால் பலவீனம், பிடியில்லாமல் இருக்க முடியாமை, புதிதாக வந்த கடும் தலைவலி அல்லது கழுத்துவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக எண்ணி உடனே மேல்மட்ட வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். கழுத்தில் ஷெல் துண்டோ பழைய முறிவோ உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். போரில் காயப்பட்ட பலர் அதைத் தாமாகச் சொல்வதில்லை. இருந்தால் கழுத்தைத் திருப்பவோ பின்னால் சாய்க்கவோ வேண்டாம்.

அடுத்தது, எந்தக் காதில் நோய் என்று காட்டும் டிக்ஸ்-ஹால்பைக் பரிசோதனை. படுக்கும்போது தலை கட்டில் விளிம்புக்கு வெளியே வரும்படி நோயாளரை நீட்டி இருத்துங்கள். கட்டில் சுவரோடு ஒட்டியிருந்தால் தோளுக்கடியில் தலையணை வைத்தால் போதும். தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே வேகமாகப் படுக்கவைத்து, தலையைச் சுமார் 20 பாகை கீழே தொங்கவிடுங்கள். "கண்ணை மூடாதேங்கோ அம்மா, என்ர மூக்கைப் பாருங்கோ." சுற்றின் பயத்தில் எல்லோரும் கண்ணை இறுக்குவார்கள், அந்தக் கண்ணில்தான் விடை இருக்கிறது. சில செக்கன் தாமதித்து, விழி மேல்நோக்கித் துடித்தபடி கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் நோய் அந்தக் காதில். இல்லாவிட்டால் எழுப்பி, இடப்பக்கமும் பாருங்கள்.

கண்டதும், எழுப்பாமலே பளிங்குகளை வெளியேற்றும் எப்லி முறையைத் தொடங்கலாம். வலக்காது என்று வையுங்கள். அதே நிலையில் 30 முதல் 60 செக்கன், துடிப்பு நிற்கும்வரை, வைத்திருங்கள். பின் தலையைத் தொங்கலிலேயே இடப்பக்கம் 90 பாகை திருப்பி அதேயளவு நேரம். பிறகு உடலையும் இடத்தோளில் புரட்டி, தலையை இன்னும் 90 பாகை திருப்புங்கள். மூக்கு நிலத்தைப் பார்க்கவேண்டும். மறுபடி அதே நேரம். கடைசியாக, நாடியை நெஞ்சோடு சேர்த்தபடி பக்கவாட்டில் எழுப்பி இருத்துங்கள்.

பிழை நடப்பது பெரும்பாலும் மூன்றாம் நிலையில். உடலைப் புரட்டும்போது தலை நிமிர்ந்துவிட்டால் பளிங்குகள் திரும்ப உள்ளே சரியும். ஆகவே புரட்டுவதை ஒருவரும் தலையைப் பிடிப்பதை இன்னொருவரும் செய்வது நல்லது. எழுந்து இருந்தவுடன் சிலர் திடீரென்று ஒரு பக்கம் சாய்வார்கள். தோளில் இருந்து கையை எடுக்காதீர்கள்.

வாந்தி கடுமையென்றால் அதை அடக்கும் ஸ்டெமெட்டில் ஊசி போட்டுக் காத்திருந்து செய்யலாம். ஆனால் வாரக்கணக்கில் குளிசை எழுதிக்கொடுப்பது தீர்வல்ல. அது பளிங்கை நகர்த்தாது.

15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். துடிப்பு மிஞ்சியிருந்தால் மறுபடி செய்யலாம். வீட்டில் தலையணை உயர்த்திப் படுக்கவேண்டியதில்லை. அன்று மட்டும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, மரம் ஏறுவது, தனியே கிணற்றில் தண்ணீர் அள்ளுவது வேண்டாம். சில நாள் இலேசான தள்ளாட்டம் இருக்கலாம். சுற்று பிறகொருநாள் திரும்பி வந்தால் இதே முறையே மருந்து.

விழி கிடையாகத் துடித்தால் நோய் கிடைக் கால்வாயில். அங்கே எப்லி பயன் தராது, படுக்கவைத்து உடலை முழுவட்டமாக உருட்டும் முறை வேண்டும். துடிப்பு கீழ்நோக்கியதாக இருந்தால், அல்லது தலை தாழ்ந்திருக்கும்வரை ஓயாமல் நீடித்தால், மேற்கொண்டு உருட்டாமல் மூளைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.